தாலிக்கொடிக்காகத் தங்கம் கிண்டியவன்

கதாநாயகனுக்கு நான் கலியாணம் பேசி முடித்த பிறகுதான், அவன் படத்தின் முடிவில் செத்துப்போகிறவன் என்பது எனக்குத் தெரிய வந்தது. முதியோர் நிலையங்களில் வேலைக்குச் சேரப்போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் படிப்பதற்கு ஏதாவது இருக்கலாம். இல்லாவிட்டால் சிரிக்கலாம். நான் சிரித்துக் களைத்தவன்.

டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முதியோருக்கான எங்கள் பகல்நேர நிலையம் இருந்தது. அங்கே நான் 'அக்டிவிட்டி உதவியாளர்'. பெயர்தான் பெரிது. கதிரை விரிப்பேன், பிங்கோ கூப்பிடுவேன், தேத்தண்ணி ஊற்றுவேன், கதிரை மடிப்பேன். இரவில் வேறோர் இடத்தில் செக்யூரிட்டி வேலை. என்னுடைய முழங்கால்கள் எனக்கு முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டன.

1. வோல்ட்டர் கேட்ட படம்

மேல்மாடியில் வோல்ட்டர் என்று ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். வடக்கு ஒன்ராறியோவில் தங்கச் சுரங்கத்தில் நிலத்துக்கடியில் வேலை செய்து ஓய்ந்தவர். மனைவி போனபிறகு அவர் வீட்டுக் கதவு வாரத்தில் ஒருமுறைதான் திறக்கும். புதன்கிழமை மத்தியானம் நாங்கள் படம் போடுவோம், அதற்கு மட்டும், பிடித்து நடக்கிற வோக்கரைத் தள்ளிக்கொண்டு இறங்கி வருவார்.

சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்துக்கு வருகிற மற்ற எல்லாரும் எங்கள் தமிழ் அக்காமார். ஆங்கிலப் படம் என்றால் கால் மணித்தியாலத்தில் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். எங்கள் மனேஜர் ஷர்மினி இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒனஸ்ட்லி, திஸ் இஸ் நொட் வேர்க்கிங். ஒராளுக்காக ரூமை வச்சிருக்கேலாது. யோகா குறூப் கேக்கினம்."

"பிள்ளை, அந்த மனுசன் யோகாவுக்கு வராது."

"ஐ நோ. இன்னும் ஒரு படம் போடுங்கோ. ஆக்கள் என்ஜோய் பண்ணினால் விடுறன். இல்லையெண்டால் சொறி."

வோல்ட்டரிடம் என்ன படம் வேண்டுமென்று கேட்டேன். தங்கம் கிண்டுகிற ஊர் ஒன்றில் நடக்கும் பழைய ஹொலிவுட் கௌபோய் படம் ஒன்றைச் சொன்னார். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் சுரங்கத்து வேலையில் ஆசை வந்ததாம். "அதுக்குப் பிறகு மழையில்லை, வெயிலில்லை, இருட்டுத்தான்" என்றார் சிரிக்காமல். முடிவு நினைவில்லையாம்.

நானும் படத்தை வீட்டில் முன்கூட்டியே பார்க்கத்தான் போட்டேன். முதல் குதிரை வரமுன் எனக்கு நித்திரை வந்துவிட்டது.

2. என் திரைக்கதை

அக்காமார் மூன்று மணிக்குப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும். ஆகவே படத்தை இரண்டு புதன்கிழமைக்குப் பிரித்தேன். முதல் பாதியில் சேற்றுத் தெரு, பலகை வீடுகள், ஆற்றில் தட்டு வைத்து மண் கழுவும் தாடிக்காரர்கள், அவர்களுக்குள் ஓர் இளம் கதாநாயகன், அவன் பார்த்துக்கொண்டே இருக்கும் பள்ளிக்கூட ரீச்சர். பத்தாவது நிமிடத்தில் பூமணி அக்கா கைப்பையைத் தூக்கினார். அவர்தான் அந்தக் கூட்டத்தின் தலைவி. அவர் எழுந்தால் எல்லாரும் எழும்புவார்கள்.

நான் ரிமோட்டை அமத்திப் படத்தை நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்றேன். "அக்கா, கதை விளங்குதே? அந்தப் பொடியன் தங்கம் கிண்டுறது அந்த ரீச்சருக்குத் தாலிக்கொடி செய்ய."

கைப்பை கீழே இறங்கியது.

"எத்தினை பவுணிலை?"

"அது... பதினொண்டு."

"பதினொரு பவுணுக்கு உவன் ஏன் மலையையே கிண்டுறான்?" என்றார் பூமணி அக்கா. "பொம்பிளை பகுதி இன்னும் கேட்டிருக்கும்."

"தாய்க்காரி வில்லங்கம் பிடிச்சவளாக்கும்" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. காட்சிக்குக் காட்சி நான் கதை சொன்னேன். சுரங்க முதலாளி பொடியனின் தாய்மாமன் ஆனார். மதுக்கடைக்காரி, கலியாணத்தைக் குழப்ப வந்த ஒன்றுவிட்ட மச்சாள் ஆனாள். வோல்ட்டருக்கு நான் தமிழில் சொன்னது ஒன்றும் விளங்காவிட்டாலும், அறை நிறைந்திருந்ததில் அவருக்கு முகம் மலர்ந்தது. சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுத்திருந்த மரங்களைக் காட்டி, "உதுக்குக் கீழே நான் பூனையையும் விடமாட்டேன்" என்றார்.

கதவடியில் நின்ற ஷர்மினிக்கு இரண்டு பாசையும் தெரியும். "அங்கிள், தாலிக்கொடி எங்கையிருந்து வந்தது?"

"சப்-ரைட்டில் பிள்ளை, சப்-ரைட்டில்."

3. இரண்டாவது புதன்

அக்காமார் பக்கத்துக் கட்டடத்துக்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் சுரங்கம் இடிந்தது. உள்ளே அகப்பட்டவர்களை இழுத்துவரப் பொடியன் இறங்கினான். நான் வாயைத் திறந்து, "இப்ப வெளியிலை வந்து தாலி கட்டுவார்" என்றேன். அவனைப் பலகையில் கிடத்தி வெளியே கொண்டு வந்தார்கள். ரீச்சர் தொப்பியைக் கழற்றி அவன் முகத்தின் மேல் வைத்தாள். படம் முடிந்தது.

எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பூமணி அக்கா எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். வழக்கமாக வீட்டுக்குப் போக வெளிக்கிட்டால் கால் மணித்தியாலம் எடுக்கும். "போட்டு வாறன் தம்பி", "வாறன் பிள்ளை" என்று ஆளாளுக்குச் சொல்லி, கதவடியில் நின்று திரும்பவும் ஒருமுறை சொல்வார்கள். அன்றைக்கு என் முகத்தையோ ஷர்மினியின் முகத்தையோ ஒருவரும் பார்க்கவில்லை. வரிசையாக, ஒரு சொல் இல்லாமல் போய்விட்டார்கள்.

"பாத்தீங்களே? ஒராள்கூட பாய் சொல்லேல்லை. தே ஹேற்றட் இற்" என்றாள் ஷர்மினி. "சொறி அங்கிள். யோகாவுக்குக் குடுக்கிறன்."

வோல்ட்டர் தன் கதிரையிலேயே இருந்தார். "நான் கேட்ட படம்தானே. என்னாலைதான்" என்றார் என்னிடம்.

என்னுடைய பொய்தான் பிடிபட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க லிஃப்ட் அடிக்கு ஓடினேன். 'ஓடினேன்' என்பதை என் முழங்கால்கள் ஒத்துக்கொள்ளாது.

"அக்கா, கோவமே? சொல்லாமல் கொள்ளாமல் போறியள்."

பூமணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கென்ன விசரே? செத்த வீட்டிலை ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? இளந்தாரிப் பொடியன். கொடிக்குத் தங்கம் எடுத்தும் கட்டக் குடுத்துவைக்கேல்லை." லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வந்து ஷர்மினிக்குச் சொன்னேன். சாவு வீட்டிலிருந்து விடைபெறாமல் போவது எங்கள் வழக்கம், இவர்கள் படத்தை வெறுக்கவில்லை, துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், தாலிக்கொடி சொன்னதும் நீங்கள்தானே?"

நியாயமான கேள்வி. இரண்டு கிழமையாகப் பொய் சொன்னவனுக்கு உண்மை சொல்லும் தகுதி எங்கிருந்து வரும்? "என்னை நம்பாதை. கொம்மாவைக் கேள்" என்றேன்.

அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, செத்த வீட்டிலை பாய் சொல்லுறேல்லையோ?"

"சொல்லக் கூடாதடி. பேசாமல் வரவேணும்." அடுத்த கணம் தாயின் குரல் உயர்ந்தது. "ஆர் செத்தது? எங்கை நிக்கிறாய்? மாமாவுக்கு ஏதுமே?"

"ஒருத்தரும் இல்லையம்மா. ஒரு கௌபோய்."

"ஆரின்ரை பொடியன்?"

ஷர்மினி ஃபோனை வைத்துவிட்டு, வெறுமையான கதிரைகளைப் பார்த்தாள். "சோ... எல்லாரும் அழுதிட்டுப் போயிருக்கினம்" என்றாள். பிறகு, "புதன்கிழமை ரூம் உங்களுக்குத்தான். பட் நோ மோர் தாலிக்கொடி."

வோல்ட்டருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் கவனமாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது அரைவாசி சரியாக வந்திருக்கும். வோக்கரைப் பிடித்து எழுந்து, கோட்டுப் பொத்தான்களைப் போட்டு, கதவை நோக்கி நடந்தார். ஷர்மினி வழக்கப்படி "பாய்" சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி மறித்தேன். அவர் எங்கள் இருவரையும் திரும்பிப் பாராமல், ஒரு வார்த்தை சொல்லாமல், லிஃப்ட் பக்கம் போனார்.

ஆட்கள் சிரித்தார்களா, கை தட்டினார்களா என்று பார்த்து எழுதுவதைத்தான் இந்த வேலையில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் எப்படி வெளியே போகிறார்கள் என்று பார்க்க எவரும் சொல்லித் தருவதில்லை. நான் அதைப் படித்தபோது நாற்பது கதிரை மடிக்கக் கிடந்தது. ஷர்மினி குளிருக்குப் போட்டிருந்த ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு மறு பக்கத்திலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.