கத்தரிக்கோலுக்கும் குடத்துக்கும் நடுவில் ஒரு முகூர்த்தப் புடவை

தங்கையின் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுக்காமல், சின்ன காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம், தேவகி என்ற தம்பதியிடம் நெய்யச் சொல்லியிருந்தோம். "முந்தானை மட்டும்தான் பாக்கி, நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்மா" என்று தேவகி அக்கா போனில் சொன்னதை நம்பி நான் மட்டும் கிளம்பினேன். சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த வாரம் அது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. போகிறவர்கள் நீங்களாவது எடுங்கள்.

திருச்சியிலிருந்து இரவு ரயிலில் செங்கல்பட்டு. அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகப் போகும் பேருந்தில் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார்கள். நூற்று இருபதுக்கு ஒருவர் வந்தார். அவர் வண்டியில் கத்தரிக்கோல் சின்னம் போட்ட கொடி பறந்தது. பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, அதைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, குடம் சின்னம் போட்ட கொடியைச் செருகினார்.

"என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?"

"கட்சி இன்னாமா கட்சி. அந்தத் தெரு வரைக்கும் கத்தரிக்கோலு, இதுக்கு மேல குடம். கொடி இல்லாம போனா வழி வுட மாட்டேன்றாங்க."

சின்ன காஞ்சிபுரம் வருவதற்குள் இன்னொரு முறை மாற்றினார். அப்போது எந்தத் தெருவில் எந்தக் கட்சி என்று எனக்குச் சுத்தமாகப் புரியாமல் போயிருந்தது.

வீட்டுக்குள் போனதும் நேராகத் தறியைப் பார்த்தேன். முந்தானை ஆரம்பிக்கவே இல்லை. வாசல் சாக்கடை மூன்று வாரமாக அடைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் சுவர் வழியே கசிந்து தறிக்குழியில் நின்றது. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அந்தக் குழியில் முழங்கால் அளவுக்குக் கறுப்பாகத் தண்ணீர்.

"காலையில மொண்டு ஊத்தறோம், மத்தியானத்துக்குள்ள திரும்ப வந்துடுது" என்றார் ஏகாம்பரம். "மாநகராட்சியில போய்ச் சொன்னா, எலெக்‌ஷன் முடியட்டும்ன்றாங்க."

நான் பதில் சொல்வதற்குள் தெருவில் மேளம் கேட்டது. கத்தரிக்கோல் கட்சி வேட்பாளர் நெசவாளர் வீடு ஒன்றில் தறியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கூடவே டிவி தொடர் ஒன்றில் பாசமலர் அண்ணனாக வரும் நடிகர். பெயர் வேண்டாம், உங்கள் வீட்டில் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த வீடு என்று யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்துவிட்டார்கள்.

முப்பது பேர், இரண்டு கேமரா. ஏகாம்பரம் "சார், குழியில தண்ணி" என்று மூன்று தடவை சொன்னார். நடிகர் கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்து, வெள்ளை ஷூவோடு இரண்டு காலையும் உள்ளே விட்டார்.

சில்லென்றிருந்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடி அவர் முகத்தில் நடிப்பே இல்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் கத்தரிக்கோல் காட்டினார். உடனே ஒரு தொண்டர் நிஜமான தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். அது நேராக என் தங்கையின் அரக்குநிற இழைகளின் மேல் வந்து நின்றது.

"ஐயோ, கத்தரிய எட்டப் புடிங்க!" என்று ஏகாம்பரம் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அதை உற்சாகம் என்று நினைத்துக் கைதட்டியது.

அடுத்து மைக் என் முகத்துக்கு வந்தது. வரதராஜப் பெருமாளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். தேவகி அக்கா நைட்டியும் தோளில் துண்டுமாக என் பின்னால் ஒதுங்கியிருந்தார். "தங்கச்சி, இந்த அண்ணன்கிட்ட உன் கஷ்டத்தைச் சொல்லும்மா!" என்றார் நடிகர்.

"இல்லைங்க, நான் திருச்சி..."

முதுகில் ஒரு குத்து. "நீயே சொல்லுமா, நைட்டியோட நான் எப்படி வர்றது" என்று காதுக்குள் குரல். சொன்னேன். சாக்கடையை, குழியை, நிற்கும் புடவையை, பத்து நாளில் வரும் கல்யாணத்தை. கடைசியில் நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நடிகர் தண்ணீரைப் பார்த்து, "இதுலயா தினமும் உக்கார்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். வேட்பாளர் உடனே கடல் நீரைக் குடிநீராக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசினார். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள். தண்ணீர் அப்படியே இருந்தது.

மதியம் என் கணவர் போன் செய்தார். "நீ எப்ப நெசவாளி ஆனே?" 'காஞ்சி நெசவாளித் தங்கையின் கண்ணீர்' என்ற தலைப்பில் என் வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குக் குடம் கட்சியின் பதில் வந்தது: அந்தப் பெண் கூலிக்கு வந்த நடிகை, குழியில் தண்ணீரே இல்லை. என்னால் இந்தக் குடும்பத்துக்கு என்ன வம்பு வருமோ என்று போனை அணைத்து வைத்தேன்.

ஐந்து மணிக்குக் குடம் கட்சி வேட்பாளரே கேமராவோடு வந்து நின்றார். நான் சமையலறைக்குள் ஒதுங்கினேன். இந்த முறை தேவகி அக்கா புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கே போனார்.

"பேசுனது எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு. தறி எங்களுது. தண்ணி இல்லன்னா உள்ள எறங்கிக் காட்டுங்க."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிரசாரத்துக்குக் கொண்டுவந்த பித்தளைக் குடங்களாலேயே தொண்டர்கள் மொண்டு ஊற்றினார்கள். ஊற ஊற வந்துகொண்டே இருந்தது. வியர்த்துப்போன வேட்பாளர் போனில் யாரிடமோ கத்தினார். ஒரு மணி நேரத்தில் கழிவுநீர் உறிஞ்சும் லாரி வந்து வாசல் அடைப்பை எடுத்தது. மறுநாள் குழி வற்றியது. அதற்கடுத்த நாள் ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்தார். மூன்று நாள் இருவரும் மாறி மாறி நெய்து முந்தானையை முடித்தார்கள். நான் அதுவரை கோயில் பக்கத்து விடுதியில், நாளுக்கு எண்ணூறு ரூபாய்க்குத் தங்கினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிரசார நேரத்தில் புடவை எடுக்கப் போனால் தேதியை ஒரு வாரம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிறையப் பணம் வேண்டாம், வழியில் பறக்கும் படை சோதிக்கிறது. வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள், அப்போது ஒலிபெருக்கி இருக்காது. நான் யார் பக்கம் பேசினேன், யாருக்கு லாபம் ஆயிற்று என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் புடவை அழகாக வந்திருக்கிறது.

கிளம்பும்போது தேவகி அக்காவிடம் கேட்டேன். "ஒருத்தர் வந்து கேட்டாரு, இன்னொருத்தர் வேலையை முடிச்சாரு. யாருக்குக்கா ஓட்டு போடுவீங்க?"

அவர் புடவையை மடித்துப் பையில் வைத்தபடி, "இன்னும் ஒரு கட்சிக்காரன் வரவே இல்லியேமா" என்றார். "தெருவுல லைட்டு எரியல. அத அவனுக்கு வெச்சிருக்கேன்."