ஆத்தா சொன்ன பெயர்

எனக்கு வயது எழுபத்தைந்து. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், யாரிடமும் கையேந்தியதில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். எனக்கு ஏழெட்டு வயதில் தம்பி பிறந்தான். அதிலிருந்து ஆத்தா உண்ணவில்லை, உறங்கவில்லை. சுவரைப் பார்த்து அழுதாள். களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அய்யாவிடம் ஒருநாள், "எனக்குச் செத்துப்போகணும்போல இருக்கு" என்றாள், சோறு வேண்டாம் என்பதுபோல. அய்யா போட்டது போட்டபடி போய் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார். கிணற்றில் விழுந்து செத்த பக்கத்து வீட்டுக்காரிதான் பிடித்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது.

பேயோட்டும் கோடாங்கி உடுக்கையோடு வந்தான். தம்பியைப் பிடுங்கி அத்தையிடம் கொடுத்தார்கள்.

"நீ யாரு? பேரச் சொல்லு."

"நாந்தேன். அவுக பொண்டாட்டி" என்று அய்யாவைக் காட்டினாள் ஆத்தா.

"பாருங்கடி, செத்தும் அவளுக்கு அடுத்தவ புருசன் கேக்குது" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

வேப்பங்குழையில் தொடங்கிய அடி சாட்டைக்குப் போனது. எத்தனை முறை கேட்டாலும் ஆத்தா தன்னைத்தான் சொன்னாள். அத்தை கையில் தம்பி பசியில் கத்தினான். ஆத்தாவின் சேலை முன்பக்கமெல்லாம் பாலால் நனைந்திருந்தது.

"பேரச் சொல்லிட்டு எறங்கு. அப்பத்தேன் பச்சப்பிள்ளையத் தருவோம்" என்றான் கோடாங்கி.

ஆத்தா தம்பியைப் பார்த்தாள். செத்தவளின் பெயரைச் சொன்னாள். குரல்கூட மாறவில்லை.

உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தார்கள். தம்பி மடிக்கு வந்தான். பேய் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துத் திரிந்தேன். அப்புறம் ஆத்தா மனசில் உள்ளதை யாரிடமும் சொன்னதில்லை, குணமாகிவிட்டது என்றிருந்தோம்.

இதை எழுதுகிறவளும் பிள்ளை பெற்று வந்து, போன மாதம் ஆத்தா அன்றைக்கு அய்யாவிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள். உடனே ஆளனுப்பினேன். ஊருக்கு வரும் நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா என்றுதான் முதலில் கேட்டார். பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற நோய், மருந்து உண்டு, தனியாக விடாதீர்கள் என்றார். டாக்டரிடம் போய் வருகிறோம். இவள் தூங்கட்டுமென்று பிள்ளையை முறைபோட்டு வைத்துக்கொள்கிறோம். அழுதால் கூடவே இருக்கிறோம். எதற்கு அழுகிறாய் என்று அதட்டுவதில்லை.

அன்றைக்குப் பேயே வரவில்லை. பால் கொடுப்பதற்காக ஒருத்தி தன்னையே தானில்லை என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியவில்லை.

எங்கே, எழுதினதை வாசி தாயி. பிள்ளைய இங்கன குடுத்துட்டு வாசி.