பிரேக்கை மிதித்ததாக நினைத்தார்

போன புதன்கிழமை எங்கள் கம்பெனி டிரைவர் பஷீர் பாய் கார் சாவியை என் கையில் கொடுத்தார். மெக்கானிக் கேட்டாலே முகம் சுளிப்பவர்... அவராகவே கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஓசூரில் எங்கள் ஃபேக்டரிக்கு ஒரு வெளிநாட்டுக் கார் வந்திருக்கிறது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். போதாததற்கு 'க்ரூஸ் கன்ட்ரோல்' என்று ஒரு வசதி வேறு. அன்று கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில் பாய் எனக்குப் பாடமே எடுத்தார்.

"அறுபதுல போறமா சார்? இப்ப ஸ்டியரிங்ல இந்த 'செட்' பட்டனை அமுத்தறன். காலை எடுத்துட்டன், பாருங்க... வேகம் கொறையுதா?"

குறையவில்லை!

"மேடு வந்தா அதுவே ஆக்சிலேட்டரை இழுத்துக்கும். பிரேக்கைத் தொட்டா விட்டுரும். 'ரெஸ்யூம்' அமுத்துனா மறுக்கா அறுபது. கெலமங்கலத்துல எங்க ஊட்ல சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க சார்."

"அப்புறம் டிரைவர் எதுக்கு பாய்?" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

சூளகிரி தாண்டி இறக்கம். இறக்கத்தில் இந்த க்ரூஸ் பிரேக் எல்லாம் போடாது. பெட்ரோலைக் குறைக்கும், அவ்வளவுதான். முள் எழுபதைத் தாண்டியது. எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறியாடுகள், நடுவில் கம்போடு ஒரு பெண். பாய் காலை ஊன்றினார். வண்டி நிற்கவில்லை. மறுபடி ஊன்றினார் — ஊஹூம்! சட்டென்று க்ரூஸை ஆஃப் செய்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரோட்டோர மண்ணில் இறக்கி நிறுத்தினார். அந்தப் பெண் தெலுங்கில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். நல்லவேளை, ஓர் ஆட்டுக்கும் காயமில்லை.

பிரேக் ஃபெயிலியரா? குனிந்து பார்த்தேன். பாயின் வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையில், இன்னும் அழுந்த ஊன்றியபடி இருந்தது.

"மிதிச்சன்னுதான் சார் நெனச்சன்..."

சர்க்கரை. பல மாதமாகவே அந்தப் பாதத்தில் உணர்வு இல்லையாம். தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். இந்தக் கார் வந்த அன்றே, இதைத் தானே ஓட்டுவதாக மேனேஜரிடம் ஏன் அப்படிக் கெஞ்சினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதில் ஆக்சிலேட்டருக்குக் கால் வேண்டாமே!

"சம்பளத்த விடுங்க சார். வண்டி இல்லன்னா இந்த பஷீர் யாருங்க? ஆனா... அந்தம்மா மேல ஏத்தியிருப்பன் சார்." இன்ஜினை அணைத்துச் சாவியை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடுவதைப் பார்த்துக்கொள்ளப் பட்டன் கண்டுபிடித்துவிட்டார்கள். நிறுத்துவதற்கு மட்டும் இன்னும் மனுஷன் கால்தான் வேண்டியிருக்கிறது... கொடுமைதான், இல்லையா?

திரும்பும்போது நான் ஓட்டினேன். பாய் பக்கத்து சீட்டில். "நேர் ரோடுதானுங்க சார், 'செட்' அமுத்துங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. முன்னால் லாரி வந்தபோதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது.

அது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.