முன்பக்கக் கூரை

எங்கள் வீட்டுக் கூரைக்கு இரண்டு பக்கங்கள். ஆட்கள் போய்வருகிற ஒழுங்கைப் பக்கம் ஊருக்கு, கிணற்றுப் பக்கம் எங்களுக்கு. ஊருக்கு உரிய பக்கம் ஒழுகாது.

எங்கள் தீவில், சரவணை ஊரில் அப்போது எங்கள் மாதிரி ஆட்களின் வீடு என்றால் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே பனையோலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓலை மாற்றி வேய வேண்டும். அப்பா தெற்கே கடை வைத்திருந்த நாட்களில் அது தவறாமல் நடந்தது. அவர் நோயோடு திரும்பி வந்து, இருந்த பனைவளவையும் வைத்தியத்துக்கு விற்றுவிட்டுக் காலமானார். அதற்குப் பிறகு பழைய ஓலையே காலம் தள்ளியது. ஒரு கார்த்திகையில் அடித்த புயல் அதில் பாதியைப் பிய்த்துக்கொண்டுபோய் அயலவர் வயலில் போட்டது.

காற்று ஓரவஞ்சனை செய்யவில்லை. இரண்டு பக்கத்திலும் சரிபாதி எடுத்தது. அம்மாதான் அதைத் திருத்தினார். கிணற்றுப் பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த நல்ல ஓலையை எல்லாம் கழற்றி ஒழுங்கைப் பக்கத்தில் வேய்வித்தார். பின்பக்கத்துக்கு, வள்ளக்காரர் ஒருவர் கழித்துவிட்ட பாய்த்துணி ஒன்றை வாங்கிக் கட்டினார். ஆடி மாதச் சோளகக் காற்று அதையும் கிழித்தது. ஒழுங்கையால் போகிறவர்கள் "புயலுக்கும் இந்த வீடு அசையேல்லை" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். உள்ளே நாங்கள் பகலில் சூரியனையும் இரவில் சந்திரனையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

அம்மாவின் இந்த வேலைக்குக் காரணம் அக்கா. அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீடு போகும். முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு பெண்ணைப் பார்ப்பார்கள். வீடு சரியில்லாவிட்டால் பெண்ணைப் பார்க்கிற சிரமத்தை மிச்சம் பிடிப்பார்கள். அப்படி மூன்று இடத்தார் மிச்சம் பிடித்துவிட்டார்கள். நாலாவதாக வந்தது அடுத்த தீவில், இறுப்பிட்டியில் இருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை தெற்கே கடையில் நின்றவர், சாதுவான மனிதர் என்றார்கள். அந்தக் குடும்பத்தில் எதுவும் மாப்பிள்ளையின் சிறிய தகப்பனாரைக் கேளாமல் நடக்காது. அவர் ஊர்காவற்றுறையில் நொத்தாரிசு. ஊராருடைய காணி உறுதிப் பத்திரங்களை எழுதுகிறவர். வீடு எப்படி என்று அவர்தான் தரகரிடம் கேட்டுவிட்டிருந்தார். "ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லும்" என்று அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பினார். இதுவும் தவறினால் அக்காவுக்கு இனி ஒரு இடம் வராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்தபடியால் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

அந்த வருடம்தான் ஏழைகளின் வீடுகளைத் திருத்திக் கொடுக்கவென்று ஊர்காவற்றுறைப் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர், மலாயாவில் ரயில் இலாகாவில் இருந்து பென்சன் எடுத்து வந்தவர். ரயிலே இல்லாத தீவில் இருந்துகொண்டு எதற்கெடுத்தாலும் நேரம் பார்ப்பார். தை மாதம் நான் எழுதிய மனு அவர் கைக்குப் போனது. மாசியில் கூட்டம் கூடினார்கள். பங்குனியில் சங்கத்துக்கு ஒரு முத்திரை செய்வித்தார்கள். முத்திரையில் ஒரு வீட்டின் படம் இருந்தது. ஓட்டு வீடு. சித்திரை, வைகாசி வெயில் என்று கழிந்தது. ஆடி முடிகிற நேரத்தில் பார்வையிட வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மனுவை எழுதியது நான். ஒழுங்கையில் நான்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எல்லாருடைய மனுவையும் எழுதிக் கொடுத்துக் கொடுத்து, இரங்க வைக்கிற மாதிரி எழுத எனக்குக் கை பழகியிருந்தது. ஆனால் இந்த மனுவில் நான் என்னுடைய கைவரிசை எதையும் காட்டவில்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பின்பக்கக் கூரை முற்றாகப் போய்விட்டது, மாரிக்கு முன் வேயாவிட்டால் இரண்டு குமர்ப்பிள்ளைகளோடு நனைய வேண்டியதுதான், கேட்க ஆண் துணை இல்லை. சொல்லி முடிய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் அறிவில் அம்மா வீட்டைப்பற்றி உண்மை சொன்னது அந்த ஒரு கடதாசியில்தான்.

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் அங்கத்தவர்கள் முன்னால் நின்று, வீட்டின் குறையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். கூரையில் உள்ள ஓட்டையைக் கண்ணால் பார்த்தால் போதாதாம், அதை ஒருவர் கைகட்டி நின்று சொன்னால்தான் அது ஓட்டை. இந்த விதியைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் தன் வாழ்நாளில் ஒரு தரமும் கையேந்தாதவர் என்பது மட்டும் நிச்சயம்.

அவர்கள் வருகிற அன்று விடியவே அம்மா முற்றம் கூட்டிச் சாணம் தெளித்தார். செம்பையும் தேத்தண்ணி கொடுக்கிற மூக்குப்பேணிகளையும் புளி போட்டு மினுக்கினார். வாத்தியார் வீட்டில் இருந்து மூன்று கதிரை இரவல் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லாத ஆக்கள் எண்டு காட்டத்தானே அம்மா அவையைக் கூப்பிட்டனாங்கள்?"

"இல்லாத ஆக்கள் எண்டால் வந்த மனிசரை நிலத்திலை இருத்திறதே?" என்றார் அம்மா. "உள்ளை கூட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைக் காட்டுவம். அதுக்கு முதல் தேத்தண்ணி குடிக்கட்டும்."

மாட்டுவண்டி வந்து வேலிப் படலையில் நின்றது. முதலில் தலைவர் இறங்கினார். இறங்கியதும் சட்டைப்பையில் இருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். அடுத்தது ஊர் நிர்வாகம் பார்க்கிற எங்கள் விதானையார். மூன்றாவதாக, சரிகைச் சால்வையை ஒதுக்கிக்கொண்டு இறங்கியவரைக் கண்டதும் அம்மாவின் கை அப்படியே படலையில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் சிறிய தகப்பனார். பழைய அங்கத்தவர் ஒருவர் காலமானதால், உறுதிகளைப் பார்க்கத் தெரிந்தவர் என்று நொத்தாரிசை அந்த மாதம்தான் சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்.

மூவரும் முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். தலைவர் என் மனுவை விரித்து, ஊருக்கே கேட்கிற குரலில் வாசித்தார். ஆண் துணை இல்லை என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மற்ற இருவரையும் பார்த்தார். வாசித்து முடிந்ததும் அண்ணாந்து முன்பக்கக் கூரையைப் பார்த்தார். அது ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"சரி, உம்முடைய வாயாலை சொல்லும். வீட்டிலை என்ன குறை?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நொத்தாரிசு கையில் மூக்குப்பேணியோடு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு குறையும் இல்லை, ஐயா."

"அப்ப இந்தக் கடதாசியை ஆர் எழுதினது?"

"என்ரை இளையவள் எழுதினது. இவளுக்கு மனு எழுதி எழுதிப் பழக்கம். கை சும்மா இருக்க ஏலாமல் எழுதியிருப்பாள்."

தலைவருக்குக் கோபம் வந்ததா சந்தோஷம் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேய வேண்டிய வீடுகளில் ஒன்று குறைந்தது. அதோடு புத்தி சொல்ல ஒரு ஆளும் கிடைத்தது. பொய் மனு எழுதுகிறவர்களால் உண்மையான ஏழைகளுக்கு வரும் நட்டத்தைப்பற்றி எனக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். மணிக்கூட்டை அப்போது மட்டும் பார்க்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அம்மாவை நான் மனதார வெறுத்தேன். அதை மறைக்க எனக்கு இப்போது ஒரு தேவையும் இல்லை.

யாரும் எழும்பிப் பின்பக்கம் போகவில்லை. குசினிப் பக்கம் பெண்கள் புழங்குகிற இடம், அந்நிய ஆண்கள் போவது மரியாதை இல்லையாம். மரியாதை என்று ஒன்று இருந்தபடியால் அவர்களுக்கு நடக்கிற வேலை மிச்சமானது. ஆனால் நொத்தாரிசு இருந்த கதிரை வாசலுக்கு நேரே இருந்தது. அவர் உள்ளே பார்த்ததை நான் கண்டேன். எந்த வீட்டிலும் இருட்டாக இருக்கிற உள்ளறை, எங்கள் வீட்டில் முற்றத்தைப்போல வெளிச்சமாக இருந்தது. அந்த வெயிலுக்குள் அக்கா நின்றாள். ஒளிந்து நிற்க அவளுக்கு அங்கே ஒரு நிழலும் இல்லை. நொத்தாரிசு பேணியை வைத்துவிட்டு, 'கூரை நல்ல நிலையில் உள்ளது, உதவி தேவையில்லை' என்று விதானையார் எழுதிய கடதாசியில் தலைவருக்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

எங்கள் பகுதிக்கென்று ஒதுக்கிய ஓலை அந்த வருடம் விதானையாரின் மாட்டுக் கொட்டிலுக்குப் போனது. விதி விதிதான் என்பதால், அங்கே ஒரு மாடாவது தன் வாயால் குறை சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சம்பந்தம் தவறவில்லை. ஆவணியில் கலியாணம். சீதன உறுதியை எழுதி வாசித்தவரும் நொத்தாரிசுதான். 'குறையற்ற கூரையோடு கூடிய வீடும், வளவும், கிணற்றில் பங்கும்' என்று அவர் வாசிக்க, அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்கு வீடு அக்காவின் பேருக்கு மாறியது. உள்ளறைக்கு மேலே இரவல் வாங்கிய தென்னங்கிடுகு நாலு கிடந்ததால் அத்தானுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் தெரிந்தது. அவர் சாதுவான மனிதர் என்று சொன்னது உண்மை. சட்டிகளை எங்கெங்கே வைப்பது என்று இரண்டு நாளில் பழகிக்கொண்டார்.

ஐப்பசி நடுவில் நொத்தாரிசைச் சாப்பிட அழைத்தோம். புதுச் சம்பந்தத்தில் அது வழக்கம். முன்பக்கம் பாய் விரித்து, இலை போட அம்மா ஆயத்தம் செய்து வைத்திருந்தார். அவர் வந்து காலைக் கழுவவே மழை பிடித்துக்கொண்டது. அக்கா பாயைச் சுருட்டி எடுத்தாள்.

"உள்ளை வாருங்கோ, மாமா. இஞ்சை ஆக்கள் போய் வாற இடம்."

அம்மா அக்காவைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் பாயைக் கீழே போட்டிருப்பார்கள். அக்கா உள்ளறையின் நடுவில், எங்கே விழும் என்று தெரிந்து, இலையைப் போட்டாள். நொத்தாரிசு இருந்தார். சோறும் கறியும் வைத்தாயிற்று. முதல் துளி பருப்பில் விழுந்தது. இரண்டாவது அவருடைய கைக்கடியாரத்தில்.

"தூவானம்" என்றார் அம்மா.

"ஓம், தூவானம்தான்" என்றார் நொத்தாரிசு.

காற்றே இல்லாமல், கூரை நடுவால் நேரே இறங்குகிற தூவானத்தை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். அந்த மனிதருக்கு வேறு வழியில்லை. கூரை நல்லது என்று இரண்டு கடதாசியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. ஒழுகுது என்று எந்த வாயால் சொல்வது? ரசம் குறையக் குறைய மழை அதை நிரப்பியது. அவர் ஒரு பருக்கையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அக்கா பக்கத்தில் நின்று, கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு ஏனோ அழுகையும் வந்தது.

நாலாம் நாள் எங்கள் படலையில் ஒரு வண்டி வந்து நின்றது. நிறையப் பனையோலை. கோடையிலேயே வெட்டி, அடுக்கி, கல்லுப் பாரம் வைத்துப் பதமாக்கிய நல்ல ஓலை. இறுப்பிட்டி வளவில் இருந்து வள்ளத்தில் ஏற்றி இக்கரைக்கு வந்திருக்கிறது. நொத்தாரிசு ஐயா அனுப்பினது, சங்கத்து ஓலை இல்லை, அவருடைய சொந்த ஓலை என்றார் வண்டிக்காரர்.

அம்மா படலையைத் திறக்கவில்லை.

"கொண்டு போம். எங்களுக்கு ஓலை தேவையில்லை. கூரைக்கு ஒரு குறையும் இல்லை எண்டு அவரே எழுதித் தந்திருக்கிறார்."

வண்டிக்காரர் ஓலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அப்போது அம்மாமேல் வந்தது கோபம் இல்லை, என்னவென்று சொல்லத் தெரியாத ஒன்று. நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா ஈரத்தலையோடு கிணற்றடியில் இருந்து வந்தாள். அம்மாவைத் தாண்டிப் போய்ப் படலையைத் திறந்தாள்.

"வீடு என்ரை பேரிலை" என்றாள். "என்ரை வீடு ஒழுகுது. இறக்குங்கோ."

ஆவணியில் இருந்து அவளிடம் இருந்த உரிமை அது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் அம்மாவை எதிர்த்துச் சொன்ன முதல் சொல்லும் அதுதான். சங்கம் கேட்ட மாதிரியே, சொந்தக்காரி தன் வாயால் சொன்னாள். கையை மட்டும் கட்டவில்லை.

அம்மா படலையோரம் ஒதுங்கி நின்றார். வண்டிக்காரர் முதல் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, அம்மா ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவருக்குக் கிட்டப் போய், மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, முன்பக்கத்திலை அடுக்காதையும். ஆக்கள் பாப்பினம்."