சீட்டாட்டத்துக்கு ஒரு தாம்பூலத் தட்டு

ஓய்வு பெற்ற மனுசனுக்கு என்ன லட்சியம் இருக்க முடியும்? எனக்கு இருந்தது. போனில் விளையாடும் ஒரு சீட்டாட்டத்தில் இருக்கிற அறுபத்து நான்கு பதக்கங்களையும் வாங்கிவிட வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி எப்போதோ சிரித்து முடித்துவிட்டாள்.

இது ரம்மி மாதிரி அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ வீரனோ மந்திரமோ இருக்கும். ஆட ஆடப் புதுச் சீட்டுகள் சேரும். சேர்ந்ததில் முப்பதைப் பொறுக்கி ஒரு கட்டாக வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆளோடு மோத வேண்டும். இன்னது செய்தால் இன்ன பதக்கம் என்று நீளமாக ஒரு பட்டியல் உண்டு. ஒரே ஒரு உயிர் மிச்சமிருக்கும்போது ஜெயிக்க வேண்டும். மிருகமே இல்லாத கட்டை வைத்து ஜெயிக்க வேண்டும். தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்க வேண்டும். இந்தக் கடைசி சமாச்சாரம்தான் என் உயிரை வாங்கியது. ஒன்பது தோற்றுவிட்டு, பத்தாவதில் எதிராளியின் திமிரைப் பார்த்து ஆத்திரம் தாங்காமல் ஜெயித்துத் தொலைத்தேன். அதுவும் இரண்டு தடவை.

ஒன்றரை வருடத்தில் அறுபத்து மூன்று வந்துவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று: நீங்களே அழைத்து வந்த ஒரே நண்பரோடு ஐம்பது ஆட்டம்.

நண்பருக்கு எங்கே போவது? காலையில் என்னோடு நடக்க வருகிறவரிடம் போனை நீட்டினேன். "ஏனுங்க, இதுல சக்கரை எவ்வளவுன்னு காட்டுமுங்களா?" என்றார். மனைவி மூன்று ஆட்டம் ஆடினாள். "மாவு ஆட்டோணும், ஆள உடுங்க" என்று எழுந்து போனவள் திரும்பவே இல்லை. பழைய போனை எடுத்து எனக்கு நானே நண்பன் ஆனேன். ஆட்டக் கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து ஒரு வாரத்துக்கு என்னை ஆட்டத்தை விட்டே தள்ளி வைத்துவிட்டார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

தாராபுரத்தில் என் அக்கா இருக்கிறாள். சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு விட்டால் வீட்டில் சீட்டுக்கட்டு இறங்கும். யார் கையில் எந்தச் சீட்டு இருக்கிறது என்று அவரவருக்கே தெரியாது, அக்காவுக்குத் தெரியும். மாமன் சித்தப்பன் எல்லோரையும் உட்கார வைத்துத் தோற்கடிப்பாள். இந்த ஆட்டத்துக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. சிக்கல் என்னவென்றால், அவள் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். வடவள்ளியில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, நானும் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வீடு வீடாகப் போய் நேரில் அழைத்தோம். பொள்ளாச்சி, கொடுமுடி, ஈரோடு என்று ஒரு ஊர் விடவில்லை. அலைந்து அலைந்து கடைசியில் கால் ஓய்ந்தது. அக்கா நம்ம அக்காதானே, அவளிடம் என்ன சம்பிரதாயம் என்று பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். "படம் நல்லாருக்குது" என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை. கூடப் பிறந்தவள் இல்லாமலே பால் காய்ச்சினோம். அன்றிலிருந்து அவள் என் வீட்டுப் படி மிதித்ததில்லை. எனக்கும் ரோசம் வந்துவிட்டது. பத்திரிகையைப் போனில் பார்த்தால் எழுத்து தெரியாதா என்ன?

இப்போது பதக்கத்தைச் சாக்கு வைத்து ஆட்டத்தின் அழைப்பை அவளுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

"மறுக்காவும் போன்லயே அனுப்பிப்போட்டீங்களா?" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் புத்தியே வராதுங்களா?"

அப்போதுதான் உறைத்தது. தட்டை எடுக்கச் சொன்னேன்.

"சீட்டாட்டத்துக்கு வெத்தல பாக்குங்களா?" என்றாள். ஆனாலும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். அழைக்கப் போவதென்றால் ஜோடியாகத்தான் போக வேண்டும், அதில் அவள் கறார்.

பல்லடம் வழியாகப் பஸ்ஸில் போனோம். கதவைத் தட்டும் முன், தட்டில் பத்திரிகை வைக்கிற இடத்தில் என் போனை வைத்தேன். கதவைத் திறந்த அக்கா எங்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"என்ன விசேசம்?"

"சீட்டாட்டமுங்க்கா. ஐம்பது ஆட்டம். நீங்க அவசியம் வந்து நடத்திக் குடுக்கோணும்."

உள்ளே நாற்காலியில் இருந்த மாமா வாயில் இருந்த காப்பியைத் துப்பிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஆட்டத்துக்கு வாரேன்" என்றாள். "ஆனா உன்ற ஊட்டுக்கு வரமாட்டேன்."

சரி, கிடைத்த வரைக்கும் லாபம் என்று திரும்பினோம்.

தினமும் பதினோரு மணிக்கு, அவள் சமையல் முடித்ததும் ஆட்டம். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆடுவோம். முதல் நான்கு நாள் நான் ஜெயித்தேன். ஐந்தாம் நாள் என் யானையை ஒரு சுண்டெலியை வைத்துச் சாய்த்தாள். "அந்த நரிச் சீட்ட இன்னும் எறக்காம வெச்சிருக்கறயல்லோ தம்பி?" என்று கேட்பாள். வைத்திருப்பேன். போனை வீசி எறியலாம் போல இருக்கும். ஆனால் பத்தரைக்கே குளித்து, சார்ஜ் போட்டுக் காத்துக்கொண்டும் இருப்பேன். எனக்கு அக்கா வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பதாவது ஆட்டத்திலும் தோற்றேன். தோற்ற கையோடு அறுபத்து நான்காவது பதக்கம் விழுந்து, திரை பூராவும் தங்கக் காசாகக் கொட்டியது. பட்டியலில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை.

"சந்தோசமுங்களா?" என்றாள் மனைவி. சப்பென்று இருந்தது. நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் என்ன செய்வேன்?

மறுநாள் பதினோரு மணிக்கு அக்காவிடமிருந்து ஆட்டத்தின் அழைப்பு வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, எனக்கும் ஒரு பட்டியல் இருக்குதாமா. ஒரே ஆள நூறு தடவ தோக்கடிக்கோணுமாம். முப்பத்தெட்டு ஆச்சு, அறுவத்திரண்டு பாக்கி. வந்து உக்காரு."

என்னைத் தோற்கடிக்க என்னையே கூப்பிடுகிறாள்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தட்டி அனுப்பினேன்: "போன்ல அழைச்சா நாங்க வரமாட்டமுங்க. நேர்ல வந்து அழைங்க."

நீல டிக். அத்தோடு சரி. அன்றைக்குப் பதில் இல்லை, மறுநாளும் இல்லை. இரண்டு வருடத்துப் புண்ணில் இப்போதுதான் பொருக்குத் தட்டியிருந்தது, அதையும் பிய்த்துவிட்டேன். மனைவி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தபோது வாசலில் கேட் சத்தம் கேட்டது.

அக்கா நின்றாள், பக்கத்தில் மாமா. அக்கா கையில் எங்கள் தட்டு. நாங்கள் தாராபுரத்தில் கொடுத்துவிட்டு வந்த அதே தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் அவள் போன்.

"சீட்டாட்டம் வெச்சிருக்கறோமுங்க" என்றாள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. "அவசியம் வந்துருங்க."

"உள்ள வாங்க நங்கையா" என்று மனைவி ஓடிப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். அக்கா வாசற்படியை ஒரு நிமிடம் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள். நான் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மனைவி காப்பிக்குப் பால் வைக்கப் போனாள். அக்கா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள். என் சிங்கத்தை இறக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

பால் விளிம்புக்கு ஏறியிருந்தது. அடுப்பை அணைக்கக் கை நீட்டிய என் மனைவியின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இரு அம்மணி. பொங்கட்டும்" என்றாள். "அன்னைக்கு நான் பாக்கலையல்லோ."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மூன்று பேரும் நின்று பார்த்தோம். கூடத்தில் இரண்டு போன்களும் சீட்டை இறக்க நேரமாகிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தன.