தொட்டியில் சேராத கல்

எங்கள் தீவின் கராச்சர்மா பகுதியில் என் வீட்டுப் பின்கட்டை இடித்தபோது இடிபாடு போட ஓர் இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்தேன். லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிய ஒப்பந்தக்காரர், தீவிலேயே பிறந்த தமிழர், நிபந்தனைகளைச் சொன்னார்.

"மலபா மட்டும்தான் சார். செங்கல், சிமென்ட், டைல்ஸ். பேட்டரி, டியூப்லைட், மெத்தை பில்குல் கூடாது. கடல்ல எடுத்த கல்லு, சிப்பி ஒண்ணு கிடந்தாலும் தூக்க மாட்டேன். ஃபாரஸ்ட்காரன் என்னைத்தான் பிடிப்பான்."

எங்கள் தெருவின் தரத்தை அந்தத் தொட்டி காட்டிக்கொடுத்தது. விடிந்து பார்த்தால் மூத்திரக் கறை படிந்த மெத்தை. மறுநாள் உடைந்த டி.வி. வாசலில் கோலம் போட்டு, கோயில் கமிட்டியில் சுத்தம் பற்றிப் பேசும் கும்பல், தன் அழுக்கைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது. ஒவ்வொன்றையும் வெளியே இழுத்துப் போட்டபோது எனக்கு அருவருப்போடு ஒரு சந்தோஷமும் இருந்தது. இவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று எனக்கு எப்போதோ தெரியும் அல்லவா?

தூக்கிப் போக வந்த அன்று ஒப்பந்தக்காரர் மேலே கிடந்த டைல்ஸைப் புரட்டினார். கீழே பவளக்கற்கள். லாரியின் எஞ்சினை அணைத்துவிட்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த மருமகன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருவும் கூடிவிட்டது. என் பார்வை எதிர்வீட்டு பாய்மேல் போனது. இப்போது மளிகைக்கடை வைத்திருக்கிறார். அரசு தடை போடுவதற்கு முன் சுற்றுலாக்காரர்களுக்குச் சிப்பி, பவளம் விற்றவர்.

"மிச்ச சரக்கைத் தள்ள என் வாசல்தான் கிடைச்சதா பாய்?" என்றேன்.

"எங்கிட்ட இருந்ததைத் தடை வந்தப்பவே ஃபாரஸ்ட்ல ஒப்படைச்சிட்டேனே சார்."

"திருட்டு வியாபாரம் பண்ணின கை சும்மா இருக்குமா?"

சொல்லி முடிக்கும்போதே கல்லின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்துவிட்டேன். பக்கத்துத் தீவான லாங் ஐலண்டுக்கு அரசாங்க வேலையாகப் போன காலத்தில் நானே படகில் ஏற்றி வந்த கற்கள் அவை. பின்கட்டை ஒட்டிய செம்பருத்திப் பாத்திக்கு வரம்பு கட்டிச் சுண்ணாம்பு அடித்தேன். அன்று குவார்ட்டர்ஸ், சொந்த வீடு என்று எல்லோரும் அப்படித்தான் செய்தோம். பிற்பாடு, ஏர்போர்ட்டில் பையில் சிப்பியோடு பிடிபடும் டூரிஸ்ட்களைப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான். பாத்தி மண்மூடிப் போனதில் கற்களை மறந்திருந்தேன். கூலியாட்கள் தோண்டித் தொட்டியில் எறிந்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பாய் தொட்டியருகே வந்து கல்லின் சுண்ணாம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒப்பந்தக்காரரிடம், "ஒரு சாக்கு குடுங்க தம்பி. நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்," என்றார். கற்களைப் பொறுக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனார். வன அலுவலகத்தில் என்ன கேட்டார்களோ, எப்படிப் பேசினார்களோ. லாரி கிளம்பியது. "சரியான ஆளு மாமா இவரு," என்று மருமகன் ஏளனமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மருமகன் ஊருக்குப் போன பிறகு, பாத்தியில் இன்னும் ஒரு கல் புதைந்திருப்பதைக் கண்டேன். கடையில் ஆள் இருக்கும் நேரம் பார்த்து அதை எடுத்துப் போய்க் கல்லாப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னோடது பாய். அன்னைக்கு இருந்ததும் என்னோடதுதான். பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுது."

அவர் ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க சுண்ணாம்பு அடிச்சப்ப வாளியப் பிடிச்சது நான்தானே சார்."

அதுவும் எனக்கு மறந்திருந்தது.

"அப்ப ஏன் சொல்லல?"

"மருமகப்பிள்ளை நின்னாரே." பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "கல்லை எடுத்துக்கங்க சார். இந்தத் தடவை ஃபாரஸ்ட் ஆபீசுக்கு நீங்களே கொண்டு போங்க."

சாக்கு கேட்கவும் வெட்கமாக இருந்தது. கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரு பார்க்க, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். கேவலமான தெரு என்று அன்றும் நினைத்தேன். ஆனால் பாயின் வீட்டை அதில் சேர்க்க முடியவில்லை.