காரெத்துக்கு அண்ணை சொன்ன யோசனை

நடேசலிங்கம் அண்ணை காலமான செய்தியை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். "அன்ரி, அப்பா மோசம் போயிட்டார். நேற்றுப் பின்னேரம்கூட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு அடம்பிடிச்சவர்." எனக்கு வியப்பில்லை. அவர் எதற்குத்தான் முதல்தடவையில் சம்மதித்தார்?

ஜெர்மனியில் எங்கள் ஊரான பீலெஃபெல்டில் அவரை அறிந்த எல்லோரும் இந்தத் தொல்லையை அனுபவித்திருப்பீர்கள். தேநீர் கொடுத்தால் இருமுறை மறுப்பார். மூன்றாம் முறை வற்புறுத்தினால்தான் கை நீட்டுவார். ஒருநாள் பொறுமையிழந்து, இரண்டாவது மறுப்போடு தட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "பிள்ளை, இன்னொருக்காக் கேட்டால் குறைஞ்சா போவியள்?"

இது தேநீரோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். இளமையில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் அவர் பொறியியல் படித்தபோது அவரோடு ஒரே அறையில் இருந்தவர் காரெத். வேல்ஸ் தேசியவாதிகளின் சிறு கட்சியொன்றுக்கு ஆயுள் முழுக்க உழைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன், கட்சித் தலைவர் லண்டன்காரருக்குக் குடை பிடிக்கிறார் என்று தொண்டர்கள் கொதித்தார்கள். அவரை எதிர்த்துப் போட்டியிடுமாறு காரெத்தைக் கேட்கவிருந்தார்கள். காரெத் அதற்காகவே காத்திருந்தவர். ஆனால் அண்ணையிடம் யோசனை கேட்டுவிட்டார்.

"முதல் ரெண்டுதரமும் மாட்டன் எண்டு சொல்லச் சொன்னனான்," என்று அண்ணை என்னிடம் வந்து பெருமையாக அறிவித்தார்.

"அண்ணை, அது எங்கட கோயில் சபை இல்லை. ஒருக்காத்தான் கேப்பினம்."

"உங்களுக்கு அரசியல் விளங்காது. தலைவர் கதிரைக்குப் பாய்ஞ்சு விழுறவனை ஆருக்கும் பிடிக்காது."

கட்சிக் கூட்டத்தில் கேட்டபோது காரெத் அடக்கமாக மறுத்தார். கூட்டத்தினர் அவருடைய வெளிப்படைத்தன்மைக்கு நன்றி கூறி, வேறொருவரை நிறுத்தித் தோற்றார்கள். தலைவர் கதிரையில் நீடித்தார். அண்ணை வருந்தினாரா? "வெள்ளைக்காரருக்கு உபசரிக்கத் தெரியாது," என்பதோடு விசாரணையை முடித்துக்கொண்டார். எனக்குத்தான் வாரக்கணக்கில் ஆத்திரம் அடங்கவில்லை.

காரெத் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். மண்டபத்தில் தேநீர் நீட்டினேன். மறுத்தார். மீண்டும் நீட்டினேன். மறுத்தார். இப்படியான பிடிவாதக்காரரோடு மாரடிப்பதே என் விதி என்று மூன்றாம் முறையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "இங்கேயாவது பலிக்கிறதே," என்றார்.

அண்ணையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முடியுமா என்று அப்போது மகள் என்னைக் கேட்டாள். ஒருமுறைதான் கேட்டாள். "ஓம், பேசுறன்," என்று உடனே சம்மதித்தேன். அவர் வாயிலிருந்து முதல்தடவையில் ஒருநாளும் வராத அந்த 'ஓம்' என்ற சொல்லைத்தான் அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.